யோசெஃப் உரிடில்: 'டாங்கி'யை நினைவில் வைத்தோம், பயிற்சியாளரை ஏன் விட்டுவிட்டோம்?

பழைய தோல்பந்து:
ஆஸ்திரியக் கால்பந்து என்றாலே 1930களின் நட்சத்திரம் மத்தியாஸ் சிண்டெலாரிடமிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். அவருக்குப் பத்தாண்டு முன்பே வியன்னா முழுவதும் ஒலித்த பெயர் யோசெஃப் உரிடில். 1895இல் அந்நகரில் பிறந்தவர், வியன்னாவின் ராபிட் அணியின் முன்கள வீரர். எதிரே நிற்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கோலுக்குப் போவார் என்பதால் 'டாங்கி' என்று பட்டப்பெயர். ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளராக நாடு நாடாகச் சென்றார். 1934 உலகக் கோப்பையில் ருமேனிய அணியுடன் இருந்தார். ராபிடுக்கே திரும்பி வந்து 1954இல் லீக் பட்டம் வென்று கொடுத்தார். இந்த இரண்டாம் பாதியை யாருமே பேசுவதில்லை. அது அநியாயம் என்பது என் கட்சி.

ஆறாம் எண் சட்டை:
அநியாயம் ஒன்றுமில்லை ஐயா. மக்கள் சரியானதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1921இல் டபிள்யூஏசி என்ற இன்னொரு வியன்னா அணியிடம் 1-5 என்று பின்தங்கியிருந்த ராபிட் 7-5 என்று வென்றது. ஏழு கோல்களும் உரிடிலுடையவை. தேசிய அணிக்கு 8 ஆட்டம், 8 கோல். இப்படி ஒரு ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில், நீண்ட பயிற்சியாளர் வாழ்க்கையில் பெரிதாகச் சொல்ல ஒரே ஒரு லீக் பட்டத்தை வைத்தால் எது நிற்கும்? நல்ல முன்கள வீரரெல்லாம் நல்ல பயிற்சியாளராகிவிட வேண்டும் என்பது நம் ஆசை, அவ்வளவுதான்.

பச்சை வெள்ளை:
இருவருமே அந்தக் காலத்தைத் தொடாமல் பேசுகிறீர்கள். ராபிட் தொழிலாளர்களின் கால்பந்துச் சங்கமாகத் தொடங்கிய அணி. போரில் தோற்று, பேரரசு சிதறி, 1922இல் பணத்துக்கே மதிப்பில்லாமல் போன நகரம் அது. அந்த ஆண்டுதான் வியன்னாப் பாடகர் ஹெர்மன் லியோபோல்டி உரிடிலைப் பற்றிப் பாட்டு எழுதினார், ஊரே பாடியது. மிட்டாய்க்கு அவர் பெயர் வைத்தார்கள். 1924இல் திரைப்படத்தில் நடித்தார். ஆஸ்திரியாவில் கால்பந்து முறையான தொழிலாக ஆனதும் அதே 1924இல்தான். அதாவது, ஆட்டக்காரனுக்குச் சம்பளம் என்பது சட்டப்படி வருவதற்கு முன்பே அவர் நட்சத்திரமாகிவிட்டார். வந்தபோது அவருக்கு 28 வயது. ஆடிச் சம்பாதிக்க அவருக்கு எத்தனை ஆண்டு மிச்சமிருந்தது? பயிற்சியாளர் வேலைக்குப் போனதை அந்தக் கணக்கோடு பாருங்கள்.

பழைய தோல்பந்து:
மிகச் சரி. இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இத்தாலி 1926இல் கதவைச் சாத்தியது. பயிற்சியாளர்களுக்குச் சாத்தவில்லை. வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் கற்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் போனார்கள். உரிடில் இத்தாலியின் பாரி அணிக்குப் பயிற்சி அளித்ததும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

ஆறாம் எண் சட்டை:
போனார் என்பதை யார் மறுத்தார்கள்? என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. உலகக் கோப்பையில் ருமேனியா ஆடிய இத்தாலிய நகரம் ட்ரியெஸ்டேவுக்கு வருவோம். 1934 மே 27, செக்கோஸ்லோவாக்கியாவுடன் முதல் சுற்று. டோபாய் அடித்த கோலால் இடைவேளை வரை ருமேனியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் புச் ஒன்று, நெயெட்லி ஒன்று. 2-1, அத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். பயிற்சியாளருக்கென்று ஓர் ஆட்டத்தில் கிடைப்பது அந்த இடைவேளை ஒன்றே. அதற்குப் பிறகுதான் ஆட்டம் கைவிட்டுப் போனது.

பழைய தோல்பந்து:
நண்பரே, எதிரணி யார் என்று பாருங்கள். அதே செக்கோஸ்லோவாக்கியா இறுதி ஆட்டம் வரை போனது. ரோமில் 81ஆம் நிமிடம் வரை இத்தாலியே 0-1 என்று பின்தங்கிக் கிடந்தது, கூடுதல் நேரத்தில்தான் மீண்டது. பிளானிச்கா கோல்கீப்பராக நின்ற அந்த அணியை இடைவேளையில் பின்னால் நிறுத்தியதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பச்சை வெள்ளை:
ருமேனிய அணியில் உரிடில் தனியாக இல்லை, கொஸ்டெல் ரெடுலெஸ்குவும் பொறுப்பில் இருந்தார். புகழோ பழியோ, பாதிப் பாதிதான்.

ஆறாம் எண் சட்டை:
ஏற்கிறேன். ஆனால் 1954? அப்போதைய ராபிட் அணியைப் பாருங்கள்: ஹாப்பெல், ஹனாப்பி, மெர்க்கெல், டீன்ஸ்ட், கோலில் ஸெமான். முந்தைய பயிற்சியாளர் ஹான்ஸ் பெஸர் எட்டு ஆண்டு கட்டிய வீடு அது. அவர் காலத்தில் 1946, 1948, 1951, 1952 என்று நான்கு பட்டங்கள். கட்டி முடித்த வீட்டில் குடியேறியவரைக் கொத்தனார் என்பீர்களா?

பச்சை வெள்ளை:
இதில் நீங்கள் ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டீர்கள். 1953இல் பட்டம் ஆஸ்திரியா வியன்னா அணிக்குப் போனது. போட்டி அணியிடம் இழந்ததை மறுஆண்டே பிடுங்கி வந்தார் உரிடில், 58 வயதில், தான் ஓடி ஆடிய அதே சங்கத்துக்கு. அந்த அணிக்காரர்களைச் சமாளிப்பதையும் எண்ணிப் பாருங்கள். ஹாப்பெல் பின்னாளில் ஃபெயனூர்டுக்கும் ஹாம்பர்க்குக்கும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். மெர்க்கெலும் பெரிய பயிற்சியாளரானவர். ஆட்டத்தைப் பற்றித் தனிக் கருத்துள்ள இப்படிப்பட்டவர்கள் இருந்த அணியை ஓராண்டு நடத்திப் பட்டம் வாங்குவது குடியேறுகிற வேலை அல்ல.

பழைய தோல்பந்து:
அதே கோடையில் நடந்த உலகக் கோப்பையில், லொசானில் ஆஸ்திரியத் தேசிய அணி 0-3 என்று பின்தங்கி, சுவிட்சர்லாந்தை 7-5 என்று வென்றது. உரிடிலின் 1921ஆம் ஆண்டு எண்ணிக்கையேதான்! ஆல்ஃபிரட் கெர்னர் இரண்டு, ப்ரோப்ஸ்ட் ஒன்று, இருவருமே ராபிட் வீரர்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆறாம் எண் சட்டை:
எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அது பயிற்சியாளர் வால்ட்டர் நாவுஷின் அணி. மூன்று கோல் அடித்த வாக்னர் ராபிட்காரர் அல்ல. எண் ஒத்துப்போனதை உரிடில் கணக்கில் வரவு வைக்காதீர்கள். 1953ஐ நான் விட்டது தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன். 1954 பட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ட்ரியெஸ்டேயின் இரண்டாம் பாதியை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.