புதுப்பிப்பு: ஆஞ்சியோகிராம் சுத்தம், நடந்தால் மட்டும் நெஞ்சு வலி – காரணம் கிடைத்தது

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் ஒரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் வீட்டு மேட்டில் ஏறினால் அம்மாவுக்கு நெஞ்சை இறுக்குகிறது, ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை, 'கேஸ்' என்று அனுப்பிவிட்டார்கள் என முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"அடினோசின் (இதய ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து) கொடுத்து இதய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. டர்பனில் வேறொரு இதய மருத்துவரைப் பார்த்தோம். இதயத் தசையின் உள்பக்கத்துக்கு ரத்தம் போதவில்லை, நுண்குழாய் ஆஞ்சைனாவாம், அதாவது இதயத்தின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் சரியாக வேலை செய்யாததால் வரும் நெஞ்சு வலி. அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள் ஆஞ்சியோகிராமில் தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

சோதனைக்கு முந்தைய நாளிலிருந்தே டீ, காபி கூடாது. கஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது. அம்மாவுக்கு வலியைவிட அதுதான் பெரும்பாடு! மருந்து ஏறும்போது முகம் சிவந்து மூச்சு முட்டியது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: நெஞ்சு வலிக்கு வழக்கமாக நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்கு வலி அவ்வளவாகக் கேட்கவில்லை. இந்த வகையில் அது சகஜமாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கருக்குத்தான் கேட்டது, கூடவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் உண்டு. இப்போது மேட்டில் பாதியில் ஒருதரம் நிற்கிறார், அவ்வளவுதான். குளிர்காற்று அடித்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது.