மாடல் ரயில் எதிர்மூலைக்குப் போனதும் சோர்கிறது, ஏனுங்க?

ஈரோட்டுக்காரன்: மாடி அறையில் 24 அடிச் சுற்றில் எச்ஓ (1:87 அளவு மாடல் ரயில்) தண்டவாளம் போட்டிருக்கிறேன். 12 வோல்ட் டிசி. வயர் கொடுத்த இடத்தில் என்ஜின் பாய்கிறது, எதிர்மூலையில் தவழ்கிறது. ஓடும்போது மீட்டர் வைத்தேன்: இங்கே 12, அங்கே 9. மோட்டார் போய்விட்டதா? பையன் முகம் வாடிவிட்டதுங்க.

பொள்ளாச்சி: மோட்டார் நல்லாத்தான் இருக்கும் தம்பி. எங்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய கேபிளை நீளமாக இழுத்தபோது இதே கதைதான். உங்களுக்குத் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்புத் தகடும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்கிறது. பலகைக்கு அடியில் 1.5 சதுர மிமீ வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், சுற்று முழுக்க ஓட்டுங்கள். மூன்றடிக்கு ஒருமுறை அவற்றிலிருந்து சின்ன வயரை எடுத்துத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் ஈயத்தால் பற்றவையுங்கள். உள்பக்கம் வைத்தால் சக்கரம் ஏறிவிடும். உள் தண்டவாளத்துக்குச் சிவப்பு என்றால் கடைசிவரை சிவப்பே. ஓரிடத்தில் மாறினாலும் ஷார்ட்.

கோவை: முதலில் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்க. உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு தங்கும்.

ஈரோட்டுக்காரன்: எட்டு இடத்தில் பற்றவைத்தாச்சு அண்ணா. எதிர்மூலையில் இப்போது 11.6. பையன் இன்னும் தூங்கப் போகவில்லை!