கானாங்கத்த புகை மீன் டிப்: கசக்குது, தண்ணி விடுது, பிரெட் நமத்துப் போகுது

தண்டையார்பேட்டை சமையல்:
ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் நடுவில் வைத்து, மொறுமொறு பிரெட்டில் தொட்டுச் சாப்பிட புகை மீன் டிப் செய்யணும். காசிமேட்டில் ஒரு கிலோ கானாங்கத்த வாங்கி, வாணலியில் அரிசி, டீத்தூள், சர்க்கரை போட்டுப் புகைத்துப் பார்த்தேன். மீன் கசந்தது. தயிரில் கலந்து ஒரு மணி நேரத்தில் கிண்ணத்து ஓரமெல்லாம் தண்ணி. தவாவில் சுட்ட பிரெட்டும் நமத்துப் போச்சு. வீட்டில் ஓவன் இல்லை. எங்கே தப்பு?

ராயபுரம் அடுப்படி:
கசப்புக்கு முதல் காரணம் ஈரம், அண்ணா. மீன் மேல் தண்ணி இருந்தால் புகையில் இருக்கிற தார் அதில் கரைந்து அப்படியே படியும்.

முதுகு வழியாகப் பிளந்து விரித்துக்கொள்ளுங்கள். வயிற்றுச் சவ்வையும் முள்ளோரத்து ரத்தத்தையும் சுரண்டி எடுக்கணும், அதுவும் கசக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 70 கிராம் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. அதில் ஃப்ரிட்ஜிலேயே 30 நிமிஷம். அலசி, துணியால் ஒத்தி எடுத்து, கம்பி ஸ்டாண்டில் மூடாமல் ஃப்ரிட்ஜில் 3 மணி நேரம். தொட்டால் விரல் நனையக் கூடாது, லேசாக ஒட்டணும். அந்தப் பிசுபிசுப்பு வந்த பிறகுதான் புகை.

பழைய இரும்பு வாணலியில் ஃபாயில் இரண்டு அடுக்கு. நான்கு டேபிள்ஸ்பூன் பச்சரிசி, இரண்டு டீத்தூள், ஒன்று சர்க்கரை. நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், காய்ந்த சட்டியில் அந்தப் பூச்சு கெட்டுவிடும். புகை கிளம்பியதும் மீனை இரண்டு அங்குலம் மேலே வைத்து மூடி, விளிம்பில் ஈரத்துணி சுற்றுங்கள். துணி நெருப்புக்குத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு தீயில் 15 நிமிஷம், அணைத்து 10 நிமிஷம். புகை வெள்ளையாக, மெல்லிசாக வரணும். மஞ்சளாகத் திரண்டால் சர்க்கரை கருகுது, தீயைக் குறையுங்கள். முள்ளோரத்துச் சதை கண்ணாடி மாதிரி இருந்தால் இன்னும் வேகலை. தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 63 டிகிரி.

இன்னொன்று, இதில் அலட்சியம் கூடாது. கானாங்கத்த வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் சேரும். வேகவைத்தாலும் புகைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து அரிப்பு வரும். ஏலத்திலிருந்து வீடு வரைக்கும் ஐஸிலேயே இருக்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
தண்ணி விட்டது தயிரால்தான் தம்பி. புளிக்காத கெட்டித் தயிர் 500 கிராமைத் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விடு. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும்.

ஒரு கிலோ மீனில் சதை சுமார் 400 கிராம் தேறும். நன்றாக ஆறணும், சூட்டோடு கலந்தால் தயிர் திரிந்துவிடும். தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்து, சதையை விரலால் நசுக்கி நசுக்கிப் பார். சின்ன முள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மூன்றில் இரண்டு பங்கை முள்கரண்டியால் மசித்து, வடித்த தயிர் 200 கிராம், இளகின வெண்ணெய் 50 கிராம் சேர். மிச்ச மீனைப் பெரிய துண்டாகவே கடைசியில் பிரட்டு. மிக்ஸி பக்கமே போகாதே, களிம்பு மாதிரி ஆகிவிடும்.

அரை எலுமிச்சை, கொரகொரப்பான மிளகு, விதை எடுத்த பச்சை மிளகாய் ஒன்று. உப்பு ருசி பார்த்த பிறகுதான். பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம் பரிமாறும்போது மட்டும், முன்னாடியே போட்டால் அதுவும் தண்ணி விடும். கலந்து 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் புகை வாசம் தயிரிலும் ஏறும்.

ராயபுரம் அடுப்படி:
பிரெட்டுக்கு: இனிப்பில்லாத நேற்றைய ரொட்டி வாங்குங்கள். பால் பிரெட் உள்ளே காய்வதற்குள் மேலே கருகிடும். அரை சென்டிமீட்டருக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் பக்கத்துக்கு 6, 7 நிமிஷம். கடைசியில் எண்ணெய் தொட்டுத் தடவி ஒரு புரட்டு. தட்டில் அடுக்கினால் அதன் ஆவியே அதை நனைக்கும், கம்பி மேல் ஆறவிடுங்கள். ஆறின நிமிஷமே எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடணும், நம்ம கடற்காற்றில் அரை மணி நேரம் தாங்காது.

தண்டையார்பேட்டை சமையல்:
நன்றி அண்ணா, அக்கா. கானாங்கத்த கிடைக்கலைன்னா வஞ்சிரம் சரியாக வருமா?

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
வரும், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். புகை வாசத்தைக் கொழுப்புதான் பிடித்து வைக்கும், அது கானாங்கத்தயில் நிறைய. வஞ்சிரம்தான் என்றால் 2 சென்டிமீட்டர் துண்டு, 10 நிமிஷத்தில் பார்த்துவிடு, வெண்ணெயைக் கூட்டிக்கொள். கிண்ணத்தை ஐஸ் தட்டில் வை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது.