அறக்கட்டளை மானியம்: உங்கள் அனுபவம் எப்படி?

ஜூரோங் தொண்டூழியர்:
சிங்கப்பூரில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு வாடகை வீடுகள் உள்ள ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சின்ன அமைப்பில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். மானிய விண்ணப்பம் எழுதுவதும் என் தலையில்தான். கொஞ்சம் எழுத வரும் என்று தெரிந்தால் போதும், அந்த வேலை நம்மைத் தேடி வந்துவிடும்.

போன ஆண்டு ஓர் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வந்தார்கள். நல்ல மாதிரி. ஒருவர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கணக்கு நோட்டைக்கூடப் புரட்டினார். ஆனால் கேட்டதெல்லாம் எத்தனை பேருக்குப் பயன், பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு முன்னேற்றம் என்பதுதான். சரி, அவர்களும் மேலே கணக்குக் காட்ட வேண்டுமே.

அவர்கள் போனதும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, இவங்க காசு கொடுத்தா நம்ம வீட்டுக்கு வர்ற அந்தப் பொண்ணு அடுத்த வருஷமும் இருக்குமா?” அவர் சொன்னது எங்கள் சமூக ஊழியரை. அதற்கு முன் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போயிருந்தார்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் கணவருக்கு வேலை போனதையும் பழைய கடனையும் அந்த அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மானியம் கிடைத்தது. மடிக்கணினி வாங்கலாம், முகாம் நடத்தலாம். சம்பளத்துக்கு மட்டும் தொட்டுக்கொள்கிற அளவுதான். பாட்டி காலத்திலிருந்து வாடகை வீட்டிலேயே இருக்கும் குடும்பத்துக்கு ஓராண்டுத் திட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முன்னாள் மானிய அதிகாரி:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் தவறாகச் செலவான விவகாரம் வெடித்ததிலிருந்து ‘நிர்வாகச் செலவு’ என்ற வரியைப் பார்த்தாலே பலருக்கும் பயம். ஊழியர் சம்பளத்தை அந்த வரியில் போட்டால் முதல் வெட்டு அதற்குத்தான். திட்டச் செலவில் போடுங்கள், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதுதானே உங்கள் திட்டமே! மூன்றாண்டுக்குக் கேளுங்கள், ஆண்டுதோறும் அறிக்கை தருவோம் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். கேட்காததால் கிடைக்காமல் போனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்களுக்கு ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் பொது நல அமைப்பு என்ற அங்கீகாரம், உண்டா? அது இருந்தால்தான் நன்கொடையாளருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு. இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் உங்கள் பக்கம் திரும்புவது கடினம்.

தோ பாயோ மாமா:
சூதாட்ட வருமானத்தை நற்பணிகளுக்குத் தரும் அரசு வாரியமான டோட் போர்டை மறந்துவிட்டீர்களே. தகுதியுள்ள அறநிறுவனங்கள் நிதி திரட்டினால் ஒவ்வொரு வெள்ளிக்கும் இன்னொரு வெள்ளி தருகிறார்கள், உச்சவரம்பு உண்டு. அந்தப் பணத்தில் பெரும்பங்கு சிங்கப்பூர் பூல்ஸில் நாம் எழுதுகிற ஃபோர் டி, தோத்தோ லாட்டரிகளிலிருந்து போவது. எங்கள் புளோக் தாத்தா வரிசையில் நின்று விட்ட காசு சுற்றிச் சுற்றி அவர் பேரனின் துணைப்பாடத்துக்கு வந்தாலும் வரும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா:
நான் ஓரறை வாடகை வீட்டில் வளர்ந்தவள். உயர்நிலைப் பள்ளியில் எனக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொடுக்க ஒரு வார நாள் காலையில் விழா. என்னைவிட நீளமான அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க நின்றோம். துப்புரவு வேலை பார்த்த அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். காசு உதவியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் எடுத்தவர்கள் யாரும் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை.

இப்போது பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு காம்லிங்க் பிளஸ் என்ற அரசுத் திட்டத்தின் மூலம் ஒரு குடும்பப் பயிற்றுநர் வருகிறார். என் தங்கை வீட்டுக்கு வருபவர் இதுவரை மாறவில்லை. அவரிடம் மட்டும்தான் அவள் மின்கட்டண பாக்கியைப் பற்றிப் பேசுவாள், என்னிடம்கூட மூச்சு விட மாட்டாள்.

ஜூரோங் தொண்டூழியர்:
அதிகாரி ஐயா, ஐபிசி எங்களுக்கு இன்னும் இல்லை. சம்பளத்தைத் திட்டச் செலவில் போட்டு மூன்றாண்டுக்குக் கேட்டு எழுதப் போகிறேன். அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?