தனி ஆளிடம் வாங்கிய பழைய டர்போ புகை தள்ளுகிறது: விற்றவரைக் கேட்க முடியுமா?

திருச்சி டீசல்:

வணக்கம். வண்டி ஸ்விஃப்ட் 1.3 டீசல், 75 குதிரைத்திறன். ஆன்லைன் விளம்பரம் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவரிடம் பழைய டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) ரூ.14,000-க்கு வாங்கினேன். விளம்பர வாசகம் அப்படியே: "60,000 கி.மீ. மட்டுமே ஓடியது, பிளே கிடையாது, ரன்னிங் கண்டிஷன்." பிளே என்றால் டர்போவின் சுழலும் தண்டில், அதாவது ஷாஃப்ட்டில், உள்ள ஆட்டம். யுபிஐ-யில் பணம் அனுப்பினேன், ரசீது இல்லை. பொருள் பஸ் பார்சலில் வந்தது. பொருத்துக் கூலி ரூ.4,500. சுமார் 400 கி.மீ. ஓடுவதற்குள் நீலப் புகை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசில் சத்தம், ஆயிலும் குறைகிறது.

விற்றவர் சொல்வது: "பழைய சாமானுக்கு யாரும் கேரண்டி தரமாட்டாங்க. உங்க மெக்கானிக் தப்பா மாட்டியிருப்பான்." மெக்கானிக்கோ கழற்றிப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்கிறார். சட்டப்படி விற்றவருக்குப் பொறுப்பு உண்டா? டர்போ முன்பே கெட்டிருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது?

முன்சீப் கோர்ட் வாசல்:

அவர் சொல்வதில் பாதி சரி. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16: பொருளின் தரத்துக்கோ, வேலைக்கு ஆகும் என்பதற்கோ தானாக வரும் உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதே பொது விதி. அதற்கு உள்ள முக்கியமான இரண்டு விலக்குகளும், விற்பவர் அந்த வகைப் பொருளை வியாபாரமாகச் செய்பவராக இருந்தால்தான் பொருந்தும். தன் காரிலிருந்து கழற்றிய டர்போவை ஒரே ஒரு முறை விற்கும் ஆளை இந்தப் பிரிவில் பிடிக்க முடியாது. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் உங்கள் வழக்கு பிரிவு 16-இல் இல்லை, அந்த விளம்பர வாசகத்தில் இருக்கிறது. "பிளே கிடையாது" என்பது அவராக எழுதிக் கொடுத்த வெளிப்படையான உறுதி. விற்றவர் வியாபாரியா, தனி ஆளா என்பது இங்கே பொருட்டே இல்லை. இன்ன வண்டிக்கு, இன்ன நம்பர் என்ற விவரணைப்படி வாங்கிய பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற பிரிவு 15-உம் தனி ஆளைக் கட்டுப்படுத்தும். பொருளை விற்கும் உரிமை விற்பவருக்கு இருக்க வேண்டும் என்ற பிரிவு 14-உம் அப்படியே.

பொருத்தி ஓட்டிவிட்டதால் பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்றே நீதிமன்றம் எடுக்கும். அதன்பின் "பொருளை எடுத்துக்கொள், முழுப் பணத்தையும் கொடு" என்று இந்தச் சட்டத்தில் வலியுறுத்துவது கடினம் (பிரிவு 13). நஷ்டஈடு கேட்கலாம் (பிரிவு 59). சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்போ, இப்போது என்ன மதிப்போ, அந்த வித்தியாசம்தான் அடிப்படைக் கணக்கு. பொருத்துக் கூலி இயல்பாக விளையும் நஷ்டம் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கெட்டது என்று தெரிந்தே "பிளே இல்லை" என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17-இன்படி அது மோசடி, பிரிவு 19-இன்படி ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். வெறுமனே வாய்மூடி இருந்தது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. அதனால்தான் தனி ஆள் விற்பனையில் எழுத்தில் என்ன சொன்னார் என்பது அத்தனை முக்கியம்.

ஷாஃப்ட் பிளே:

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். டர்போ சீல் வழியாக ஆயில் எஞ்சினுக்குப் போகும் காற்றுப் பாதையில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் ஓடும். எஞ்சினே போய்விடும். தவிர, நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயலவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லவும் வழியாகும்.

இரண்டாவது, டர்போவை உங்கள் மெக்கானிக் தனியாகப் பிரிக்கக் கூடாது. விற்றவர் குற்றம் சொல்வதே அவரைத்தான். அவர் கையால் பிரித்த டர்போவுக்குச் சாட்சி மதிப்பு பாதியாகிவிடும்.

மூன்றாவது, கெட்டது டர்போதானா? எஞ்சின் பிரீதர் (உள்ளே சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருந்தாலோ, ஆயில் திரும்பும் குழாய் மடங்கியிருந்தாலோ, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ நல்ல டர்போவே ஆயில் கக்கும், நீலப் புகையும் வரும். கழற்றும் முன் இந்த மூன்றையும் பார்த்து வீடியோ எடுங்கள்.

டர்போதான் என்று உறுதியானால், பிரித்ததும் உள்ளே இருக்கும் தடயமே யார் பக்கம் தப்பு என்று சொல்லிவிடும். சின்ன டீசல் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதக்கிறது. அந்தப் படலம் எப்படிக் கெட்டது என்பது உலோகத்திலேயே பதிந்திருக்கும்.

ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் நீலமாகவோ கருநீலமாகவோ கன்றிப்போய், பேரிங் உலோகம் அதில் இழுபட்டு ஒட்டியிருந்தால் அது ஆயில் பட்டினி. புதிதாக மாட்டிய கொஞ்ச நாளில் இது வந்தால், பெரும்பாலும் ஆயில் வரும் குழாய் அடைப்பு, அல்லது மாட்டும்போது டர்போவுக்குள் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்தது. தப்பு பொருத்தியவர் பக்கம் சாயும்.

கன்றல் இல்லாமல் ஷாஃப்ட்டைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள் இருந்தால் ஆயிலில் தூசி, உலோகத் துகள். இதில் இரண்டு பக்கமும் வாதாடலாம். உங்கள் வண்டியின் ஆயிலும் ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் உங்களுக்குச் சாதகம்.

நடு ஹவுசிங்கில் ஆயில் ஓடும் பாதையில் கரி கல்லாக இறுகியிருந்தால், அது நானூறு கிலோமீட்டரில் சேர்ந்திருக்கவே முடியாது. ஆயில் மாற்றாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அந்த அளவு சேரும். அதேபோல் கம்ப்ரஸர் வீலின் (காற்றை அழுத்தும் சக்கரம்) விளிம்பு ஹவுசிங்கில் உரசிய தடம் பழையதாக இருந்து, அதன்மேல் காய்ந்த ஆயிலும் தூசியும் படிந்திருந்தால், விற்கும் முன்பே பிளே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. புது உரசல் பளபளவென்று இருக்கும்.

திருச்சி டீசல்:

நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். பிரீதர் சுத்தம், ஆயில் அளவு சரி, திரும்பும் குழாயிலும் மடிப்பு இல்லை. இரண்டு விவரம் விட்டுப்போனது. வாங்கும் முன் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவில் வீலை விரலால் சுற்றிக் காட்டுகிறார், ஆட்டிக் காட்டவில்லை. இன்னொன்று, மாட்டும்போது ஆயிலும் ஃபில்டரும் புதிது, ஆனால் டர்போவுக்கு ஆயில் வரும் குழாய் வண்டியில் இருந்த பழையதுதான்.

ஷாஃப்ட் பிளே:

அந்தப் பழைய குழாயைத்தான் விற்றவர் பிடித்துக்கொள்வார், பிடிப்பதில் நியாயமும் இருக்கிறது. டர்போ மாற்றும்போது ஆயில் குழாய், அதை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட், செம்பு வாஷர் மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் குழாய் இணையும் ஃபிளாஞ்சில் சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது, பிதுங்கி உள்ளே போய் துவாரத்தை அடைக்கும். மாட்டும் முன் ஆயில் துவாரத்தில் சுத்தமான எஞ்சின் ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்ற வேண்டும். பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தாங்க, விட்டு விட்டு அடிக்கலாம். ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் ஐடிலில் விட வேண்டும், ரேஸ் செய்யக் கூடாது. காற்றுப் பாதையில் தேங்கிய பழைய ஆயிலை வடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டர்போ நன்றாக இருந்தும் கொஞ்ச நாள் புகை வரும். இதெல்லாம் செய்தாரா என்று மெக்கானிக்கிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். பிரிக்கும் நாளில் அதையும் நீளவாக்கில் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் விற்றவர் வாதம் அங்கேயே முடிந்தது. அடைத்திருந்தால், மன்னிக்கவும், நீங்கள் பேச வேண்டியது வர்க்‌ஷாப்பிடம். ஓடிய ஆயிலில் கால் லிட்டர் சுத்தமான பாட்டிலில் எடுத்து மூடி, தேதி எழுதி வையுங்கள்.

வீடியோ பற்றி: வீலைச் சுற்றிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. தேய்ந்துபோன டர்போ இன்னும் லேசாகவே சுற்றும். ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த வாக்கில் விரலுக்குத் தெளிவாகத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் ஆயில் இல்லாதபோது லேசான அசைவு இயல்புதான், ஆனால் வீல் ஹவுசிங்கைத் தொடக் கூடாது.

பழைய சாமான் பாண்டி:

பதினாலாயிரத்துக்கு கோர்ட் படி ஏறாதீர்கள். ஹவுசிங் நன்றாக இருந்தால் டர்போ கடையில் நடுவில் இருக்கும் கோர் (ஷாஃப்ட், பேரிங், வீல் சேர்ந்த பகுதி) மட்டும் மாற்றி, பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள். அந்தச் செலவில் பாதியை விற்றவரிடம் கேளுங்கள். "முழுப் பணம் கொடு" என்றால் போனை எடுக்காதவர்கள்கூட இதற்கு இறங்கி வருவார்கள்.

இன்னொன்று, அவருடைய விளம்பரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாலு வண்டி கியர்பாக்ஸ், ஆறு ஆல்டர்னேட்டர், பத்து ஹெட்லைட் போட்டிருந்தால் அவர் தனி ஆள் இல்லை, வியாபாரி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்துக்கொண்டு, ஆன்லைனில் "என் சொந்தக் காரில் இருந்தது" என்று போடுபவர்கள் உண்டு. இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தகராறு என்று தெரிந்ததும் அழித்துவிடுவார்கள்.

முன்சீப் கோர்ட் வாசல்:

பாண்டி அண்ணன் சொன்ன ஸ்கிரீன்ஷாட் உங்கள் வழக்கின் திசையையே மாற்றும். வியாபாரி என்று காட்ட முடிந்தால் பிரிவு 16 திறக்கும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-உம் திறக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. உண்மையிலேயே தனி ஆள் என்றால் அந்த வழியை நம்ப வேண்டாம். சிவில் வழக்குதான், கெடு 3 ஆண்டு.

தொகை சிறியது என்பதால், எந்த வழியானாலும் முதலில் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அவரை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் எழுதப்பட்டால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்பது இதன் குறை.

போலீஸ் புகாரை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-க்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். பொருள் கெட்டுப்போனது மட்டும் போதாது, "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

பிரிக்கும் முன் அவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். வாசகம் இவ்வளவு போதும்:

"இன்ன தேதியில் நீங்கள் விளம்பரம் செய்த டர்போவை, 'பிளே கிடையாது, ரன்னிங் கண்டிஷன்' என்ற உங்கள் உறுதியை நம்பி ரூ.14,000-க்கு வாங்கினேன். சுமார் 400 கி.மீ.க்குள் ஆயில் கசிந்து புகை வருகிறது. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன டர்போ கடையில் அது பிரிக்கப்படும். நீங்களோ உங்கள் ஆளோ நேரில் இருக்கலாம். தேதி ஒத்துவராவிட்டால் 7 நாளுக்குள் வேறு தேதி சொல்லவும். வராவிட்டாலும் வீடியோ பதிவுடன் பிரிக்கப்படும்."

கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், இந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிக்கலாம். கடை உங்கள் மெக்கானிக்குக்கு வேண்டியதாக இருக்கக் கூடாது. டர்போவின் பெயர்த்தகடு நம்பர் வீடியோவின் தொடக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், அவர் அனுப்பிய படத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் "இது நான் கொடுத்த டர்போவே இல்லை" என்பார். அறிக்கை கடையின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துடன் இருக்கட்டும். சாட் பதிவு இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்று வேண்டும், மூலம் கையில் இருந்தால் அது சுலபம்.

விற்க நினைப்பவன்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். என் காரிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸை விற்கப் போகிறேன். எனக்கு இதே தலைவலி வராமல் இருக்க என்ன எழுத வேண்டும்?

முன்சீப் கோர்ட் வாசல்:

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "ரன்னிங் கண்டிஷன்" என்று போடாமல், "கழற்றும்போது ஐந்து கியரும் விழுந்தன, மூன்றாவதில் சத்தம் உண்டு, திறந்து பார்க்கவில்லை, இருக்கும் நிலையிலேயே விற்பனை, பொருத்தியபின் பொறுப்பு இல்லை" என்று எழுதி, வாங்குபவரிடம் "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 62 இதை அனுமதிக்கிறது. ஆனால் மூன்றாவது கியர் சத்தத்தை மறைத்துவிட்டு "இருக்கும் நிலையில்" என்று மட்டும் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சத்தமே இல்லை என்று வாயால் ஒருமுறை சொன்னாலே அந்த வரி உங்களைக் காப்பாற்றாது.

திருச்சி டீசல்:

கடிதம் அனுப்பிவிட்டேன். விளம்பரப் பக்கத்தில் அவர் பெயரில் இன்னும் மூன்று டர்போவும் இரண்டு ஏசி கம்ப்ரஸரும் இருக்கின்றன, எல்லாம் வெவ்வேறு வண்டியுடையவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று.

முன்சீப் கோர்ட் வாசல்:

அப்படியென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கே தயாராகுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் பக்கத்தின் முகவரியும் தெரிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இன்றே மறுபடி எடுங்கள். வண்டி டாக்ஸியாக ஓடுகிறதா? ஓடினால், சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் வணிக நோக்கம் என்று தள்ளப் பார்ப்பார்கள்.