சொல்லலாமா, வேண்டாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

கோயில் கமிட்டி:

திருவிழாவில் யாரும் குண்டு வைத்துவிடாமல் தடுப்பது எப்படி என்று கமிட்டி கூடிப் பேசியதில் பாதி நேரம் சிசிடிவி விலை பேசியே போய்விட்டது. ஒருவர் கேமரா வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர், வாசலில் உலோகம் இருந்தால் சத்தம் போடுகிற கதவு வேண்டும் என்கிறார். அலகும் வேலும் பால்குடமுமாக வருகிற கூட்டத்தை அந்தக் கதவு வழியாக விட்டால் அது விடிய விடியக் கத்திக்கொண்டே இருக்கும் என்று பூசாரி சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்டியல் திருடனைப் பிடிக்க உதவும். ஆனால் சாகத் துணிந்து வருகிறவன் கேமராவுக்குப் பயப்படுவானா? அவன் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே யாராவது கவனித்திருக்க வேண்டும். கவனித்ததைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டவர் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"தோட்டத்துப் பட்டணத்தில் எவன் வந்து குண்டு வைக்கப் போறான்?" என்று கேட்பவர்களுக்கு: பூச்சோங்கும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான். 2016 ஜூன் 28 விடியற்காலை, அங்கே மொவிடா என்ற மதுக்கூடத்தில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் கையெறி குண்டு விழுந்தது. 8 பேருக்குக் காயம். உத்தரவு சிரியாவில் இருந்த மலேசியன் ஒருவனிடமிருந்து வந்தது என்றது போலீஸ். ஜொகூரில் உலு திராமும் நம்மைப் போன்ற ஊர்தான். 2024 மே 17 அன்று அங்கே காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான் ஒருவன்.

உங்களுக்குச் சந்தேகம் தட்டியது உண்டா, யாரிடம் சொன்னீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம்.

பழைய ஸ்டோர் கிராணி:

செம்பனைத் தோட்டத்தில் உர ஸ்டோர் பார்த்தவன் நான். காலையில் உரம் போடப் போகிறவர்களுக்கு மூட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணி வாங்க வேண்டும். காலிச் சாக்கு எதற்கு என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். சாக்கு திரும்பி வந்தால்தான் உரம் மரத்தடிக்குப் போயிருக்கிறது. வராவிட்டால் மூட்டையோடு வெளியே போயிருக்கிறது.

ஒரு நாள் ஒரு சின்ன லோரி வந்து ஸ்டோர் வாசலில் நின்றது. ரொக்கம் தருகிறேன், இன்ன உரம்தான் வேண்டும், பில் வேண்டாம் என்றான் வந்தவன். என்ன பயிர் என்றேன். முதலில் மிளகாய். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தபின் முட்டைக்கோஸ். எத்தனை ஏக்கர் என்றேன், போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். லோரி எண்ணைச் சரக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் பாலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, போன் போட்டார். விசாரித்ததில் அவன் திருட்டு உரம் வாங்கி விற்கிற ஆள், அவ்வளவுதான். "கிராணி பின்லாடனையே பிடிச்சிட்டாரு" என்று மண்டோர் (கங்காணி) ரொம்ப நாள் கிண்டல் பண்ணினார்.

பண்ணட்டும். எல்லா உரமும் வெடிக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாதக் கும்பல் சிங்கப்பூரில் குண்டு வைக்க 4 டன் அமோனியம் நைட்ரேட் உரம் வாங்கிப் பதுக்கியது நம்ம நாட்டில்தான். அதுவும் ஒரு கம்பெனி பெயரில், முறையாக வாங்கிய சரக்கு. அந்தக் கும்பல் சிங்கப்பூரில் 2001 டிசம்பரில் மாட்டியது எப்படித் தெரியுமா? தனக்குத் தெரிந்த ஒருவன் பின்லாடனோடு பழக்கம் என்று பீற்றிக்கொண்டதை அங்கே ஒரு முஸ்லிம் போய் அதிகாரிகளிடம் சொன்னார். வெறும் வாய்ச்சவடால் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மட்டக்களப்பு மருமகள்:

நான் மட்டக்களப்பில் இருந்து கலியாணம் கட்டி இங்க வந்தவள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இலங்கையில தேவாலயங்களில குண்டு வெடிச்ச நாள். காலையில தொடங்கி இரவு வரைக்கும் வீட்டுக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தன், லைன் கிடைக்கேல்ல.

எங்கட மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்ததை இங்க கன பேருக்குத் தெரியாது. ஞாயிறு வகுப்பு முடிஞ்சு பிள்ளைகள் முற்றத்தில நின்று சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பெரிய பையோடு ஒருத்தன் வாறான். வீடியோ எடுக்க வந்தனான், பைக்குள்ள கேமரா என்கிறான். வாசலில் நின்ற சபைக்காரர் ஒருவருக்கு அது சரியாகப் படேல்ல. அனுமதி இல்லாமல் எடுக்க ஏலாது என்று சொல்லி அவனை உள்ளே விடாமல் வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெளியிலதான் வெடிச்சது. அவரும் போயிட்டார், பிள்ளைகள் கன பேர் போயிட்டுதுகள். உள்ளே நூற்றுக்கணக்கான சனம் இருந்தது. அந்த மனுசனிட்ட எந்த மெசினும் இல்ல. தன்ர சபைக்கு வாற முகமெல்லாம் அவருக்குத் தெரியும், இது தெரியாத முகம்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. தாக்கினவர்களின்ர தலைவன் சஹ்ரான், எங்களுக்குப் பக்கத்து ஊர் காத்தான்குடிக்காரன். அவனைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம் ஆட்களே பொலிசில முறைப்பாடு குடுத்தவர்கள், ரோட்டில இறங்கிக் கத்தினவர்கள். 2017ல கைகலப்பு நடந்து அவன் ஊரை விட்டு ஓடினான். 2019 சனவரியில வனாத்தவில்லில வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 4 அன்று இந்தியாவில் இருந்தும் எச்சரிக்கை போனது. எல்லாரும் சொல்லித்தான் இருந்தார்கள். மேல இருந்தவர்கள் ஆளாளுக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தார்கள். 250க்கு மேல உயிர். 2023 சனவரியில உச்ச நீதிமன்றம் அப்ப சனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. காசு குடுத்து என்ன, பிள்ளைகள் வருமா?

ஈப்போ பையன்:

அக்கா சொன்னது மனசைப் பிசையுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. "பார்த்தா சொல்லு, பார்த்தா சொல்லு"ன்னு எல்லாரும் சொல்றீங்க. சொன்னா யாரைத் தூக்குவாங்க?

2019 அக்டோபர்ல விடுதலைப் புலி தொடர்புன்னு 12 பேரைப் பிடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். எல்லாரையும் சொஸ்மாங்கற பாதுகாப்புச் சட்டத்துல போட்டாங்க. அந்தச் சட்டத்துல 28 நாள் வரைக்கும் கோர்ட்டுக்குக் கொண்டு போகாம வெச்சிருக்கலாம், ஜாமீனும் சுலபத்துல கிடையாது. அடுத்த வருசம் பிப்ரவரியில, போன்ல படம் வெச்சிருக்கிறதை வெச்சு ஒருத்தனைத் தண்டிக்க முடியாதுன்னு சட்டத்துறைத் தலைவரே எல்லா வழக்கையும் கைவிட்டார். அதுவரைக்கும் உள்ளே இருந்த நாளுக்கு யார் பதில் சொல்றது?

அவங்களைப் பிடிச்ச அந்த அக்டோபர் மாசம் எங்க லயத்து வரிசை வீடுகள்ல நடந்ததை நான் கண்ணால பார்த்தேன். எங்க சித்தப்பா போன்ல இருந்த படங்களை உட்கார்ந்து ஒவ்வொண்ணா அழிச்சார். சுவத்துல மாட்டியிருந்த பழைய காலண்டரைக்கூடக் கழட்டிட்டார். கல்யாண வீட்டுல இலங்கைப் பேச்சு வந்தா எழுந்து போயிடுவார். இப்படிப்பட்ட மனுசன் நாளைக்கு நிஜமாவே ஒரு பையைப் பார்த்தா பாலாய்க்குப் போவார்னு நினைக்கிறீங்களா? போக மாட்டார். போனா முதல்ல தன் ஐசியை, அடையாள அட்டையைத்தான் கேட்பாங்கன்னு அவருக்குத் தெரியும்.

மட்டக்களப்பு மருமகள்:

தம்பி, சித்தப்பாவின்ர பயம் எனக்கு விளங்குது. படம் வைச்சதுக்கு ஆளை அடைக்கிறது பிழை. ஆனால் ஒன்றையும் மறக்க வேணாம். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டு இருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைச் சுட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், ஆனால் ஊருக்குத் தெரியும். எங்கட ஆள் செய்தால் அதுக்கு வேற பேர் வைக்க என்னால ஏலாது. அதுக்குப் பிறகு எங்கட ரெண்டு ஊரும் ஒன்றோடொன்று கதைக்கிறதே குறைஞ்சு போச்சுது. கதைக்காத ஊரில யார் யாருக்கு எதைச் சொல்றது?

ஓய்வு பெற்ற வாத்தியார்:

தம்பி சொல்கிற பயம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலமே இங்கேதான் ஆரம்பித்தது. 1948 ஜூன் 16, எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு 1960 வரை நம் தாத்தா பாட்டிமார் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

லயத்தைச் சுற்றி முள்கம்பி. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்களாம், உள்ளே அரிசி இருக்கிறதா என்று. எங்கள் அம்மா சொல்வார்: கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். காட்டுக்குள் இருப்பவனுக்குப் போனால் கெட்டுப்போகட்டும் என்று. அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும், வீடு முழுக்க மீன் வாடை. போலீசிடம் பேசினால் காட்டில் இருப்பவன் சுடுவான். பேசாவிட்டால் ஏன் மறைத்தாய் என்று போலீஸ் பிடிக்கும். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள், ஆயுதம் இல்லாத தோட்டத்து ஜனங்கள். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்?

1952ல் தஞ்சோங் மாலிமில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர், வாய் திறக்காத ஊருக்கே தண்டனை போட்டார். நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசியைக் குறைத்தார். அது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவர் செய்த இன்னொன்றை நான் வகுப்பில் சொல்வது வழக்கம். வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார், தெரிந்ததை எழுது, பெயர் போடாதே என்று. எல்லார் தாளும் பூட்டிய பெட்டிக்குள் போனது. பெட்டியைக் கோலாலம்பூரில் தானே திறந்தார். எழுதியவன் யார், வெறுந்தாளைப் போட்டவன் யார் என்று பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது, உள்ளூர்ப் போலீசுக்கும் தெரியாது. தம்பியின் சித்தப்பாவுக்குத் தேவை அந்த மாதிரி ஒரு வழி.

ரேலா அக்கா:

வாத்தியார் ஐயா, சரித்திரம் நல்லா இருக்கு. நான் ரேலா தொண்டர் படையில இருந்து வாசல்ல நிக்கிறவ, அதைச் சொல்றேன்.

போன திருவிழாவுல பந்தி நடக்கிற இடத்துல, தூணுக்குப் பின்னாடி ஒரு கறுப்புப் பை. யாரும் பக்கத்துல இல்ல. புதுசா வந்த பையன் ஒருத்தன் காலால தள்ளப் போனான். கத்தி நிறுத்தினேன். தொடாதே, தள்ளாதே, திறக்காதே, இதுதான் பாடம். பந்தியில உட்கார்ந்தவங்களை "மழை வருது, அந்தப் பக்கம் மாறி உட்காருங்க"ன்னு சொல்லி நகர்த்தினோம். குண்டுன்னு ஒரு வார்த்தை வாயில வந்திருந்தா நெரிசல்ல நாலு குழந்தை மிதிபட்டிருக்கும். ஒருத்தர் 999க்கு அடிச்சார். மைக்ல, "கறுப்புப் பை விட்டவங்க வாங்க"ன்னு சொன்னோம். ஒரு பாட்டி தாம்பூலம் மென்னுகிட்டே ஆடி அசைஞ்சு வந்தாங்க. உள்ள பேரனோட பேம்பர்ஸும், பந்தியில சுருட்டின ஒரு டஜன் வடையும். போலீஸ் வந்து பார்த்துச் சிரிச்சுட்டுத்தான் போனாங்க, திட்டல. அது முக்கியம். திட்டியிருந்தா அடுத்த தடவை எவனும் போன் எடுக்க மாட்டான்.

இன்னொண்ணு. சட்டையைப் பார்த்து ஆளை நம்பாதீங்க. 2000 ஜூலையில அல்-மாவுனாங்கற தீவிரவாதக் கும்பல் ராணுவ உடுப்புல, பஜேரோ வண்டியில, திடீர் சோதனைன்னு சொல்லிக்கிட்டுத்தான் கிரிக் பக்கம் ராணுவ முகாமுக்குள்ள போனாங்க. நூறு துப்பாக்கி கிட்ட அள்ளிட்டு வந்து சாவ்க்ல பதுங்கினாங்க, கோலகங்சாரைத் தாண்டினா வருதே அந்தச் சாவ்க். அங்க பிணையாப் பிடிச்சுக் கொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம ஆர். சகாதேவன், போலீஸ் சிறப்புப் பிரிவுக்காரர். அதனால எங்க திருவிழாவுல தொண்டர் சட்டை முன்கூட்டியே கொடுக்கிறதில்ல. காலையில ஆளைப் பார்த்து, முகம் தெரிஞ்சவன் கையிலதான் கொடுப்பேன்.

இடைநிலைப்பள்ளி டீச்சர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். என் வகுப்பில் படம் வரைவதில் கெட்டிக்காரனான ஒரு மலாய் மாணவன் திடீரென்று வரைவதை நிறுத்தினான். தீபாவளிக்கு வழக்கமாகப் போகும் நண்பன் வீட்டுக்குப் போகவில்லை. அதுவரை எனக்குக் கவலை இல்லை, பிள்ளைகள் மாறுவார்கள், பக்தி கூடுவதும் குற்றமில்லை. ஆனால் தலை வெட்டுகிற வீடியோவை நண்பனுக்கு அனுப்பி, "செத்தா இப்படிச் சாகணும்" என்று எழுதியிருந்தான். பயந்துபோன அந்த நண்பன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

நான் நேரே பள்ளி உஸ்தாஸிடம், இஸ்லாமிய சமய ஆசிரியரிடம், போனேன். அவர் மதம் பற்றி அதிகம் பேசவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, மகன் ராத்திரி யாரோடு பேசுகிறான் என்று கேட்டார். டெலிகிராம் குழு ஒன்று. போலீசிடம் சொன்னது அந்த அப்பாதான், உஸ்தாஸ் கூடப் போனார். பையனைப் பிடித்து அடைக்கவில்லை, ஆலோசனைக்கு அனுப்பினார்கள். எஸ்பிஎம் பரீட்சை எழுதினான். உஸ்தாஸோடு எனக்குப் பல வருடப் பழக்கம் இல்லாதிருந்தால் யாரிடம் போவதென்றே தெரியாமல் நின்றிருப்பேன்.

கோயில் கமிட்டி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன பெட்டி யோசனையை கமிட்டியில் வைக்கிறேன். ஆனால் உண்டியல் பக்கத்தில் வைத்தால் ஜனங்கள் அதிலும் காசு போடுவார்கள், வேறு இடம் பார்க்க வேண்டும். பக்கத்து சூராவ் (சிறு தொழுகை இடம்) ஆட்களையும் சீனக் கோயில்காரர்களையும் திருவிழாவுக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா என்று பேச்சு நடக்கிறது. ஈப்போ தம்பி, உங்கள் சித்தப்பாவை வாசல் தொண்டுக்கு அழைத்து வர முடியுமா?

ஈப்போ பையன்:

கேட்டுப் பார்க்கிறேன் அண்ணே. ஊர்ல எல்லார் முகமும் அவருக்குத் தெரியும். பேர் எழுதற லிஸ்ட் பாலாய்க்குப் போகுமான்னுதான் முதல்ல கேட்பார்.

ரேலா அக்கா:

லிஸ்ட் என்கிட்டத்தான் இருக்கும்னு சொல்லு தம்பி. சனிக்கிழமை காலையில வரச் சொல்லு, சட்டை சைஸையும் கேட்டு அனுப்பு.