கிரிக்கெட் பழக்கத்தோடு சாஃப்ட்பால் அடிக்கும் மகள்

அல்சூர் அப்பா: பெங்களூருவில் பள்ளி அணிக்கு ஆடுகிறாள், 12 வயது. தெருக் கிரிக்கெட் பழக்கம், பேட்டை மேலிருந்து நேராக இறக்குகிறாள், பந்து தரையில் உருளுகிறது. என்ன செய்யலாம்?

பழைய கேட்சர்: கையை விடுங்க சார், இடுப்பைப் பாருங்க. முன்கால் ஊன்றியதும் முதலில் இடுப்பு திரும்பணும், அப்புறம் தோள், கடைசியில்தான் கை. மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் வேகமே வராது. டீ, அதாவது பந்தை நிறுத்தி வைக்கும் கம்பம், அதன் மேல் பந்தை வைத்து, முன்காலுக்கு நேராக அடிக்கச் சொல்லுங்க.

டொம்லூர் அக்கா: பேட் கனமா? கனம் கூடினால் பின்தோள் தொங்கிவிடும்.

பழைய கேட்சர்: சரியான கேள்வி. இன்னொன்று, பேஸ்பால் வீடியோ பார்த்துக் காலை உயரத் தூக்கப் பழக்காதீங்க. அங்கே பந்து 60 அடி 6 அங்குலத்திலிருந்து வருகிறது, பெரிய பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடிதான், காலைத் தூக்கி ஊன்ற நேரம் குறைவு.